வெளித் தாழ்ப்பாள்

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. என்னிடம் இருக்கும் கோபமெல்லாம் வேறு ஆட்களுக்காகச் சேர்த்து வைத்தது. அதை உங்கள்மேல் செலவழிக்க மாட்டேன். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியதில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். முதல்முறை ஸ்டியரிங்கைத் தொடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து எதிரே வரும் லாரிகளைப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. எளிதில் பதறமாட்டேன். பேய்ப் படம் போட்டால் தூங்கிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, பட்டப்பகலில், வெயில் கண்ணைக் கூசும் மத்தியானத்தில் நடந்தது இது.

முதலில் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பெற்ற பிள்ளைகளைக் கொன்ற பேய்" என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டார்களே, அவள்தான்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவோம். இன்னொன்று பெயர்கூட வைக்காத கைக்குழந்தை. இரண்டையும் குளியலறைத் தொட்டியில்... அதற்குமேல் என்னால் எழுத முடியாது. பிறகு அவளே போலீசுக்குப் போன் செய்தாள். "குழந்தைங்க இனிமே பத்திரமா இருக்காங்க. வந்து பாருங்க," என்றாளாம்.

இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து அவள் தூங்கவில்லை. குழாய்க்குள் யாரோ பேசுகிறார்கள் என்றாள். தன் பாலில் விஷம் கலந்திருக்கிறது என்றாள். பிள்ளைகளைத் தூக்கிப்போகச் சிலர் வரப்போகிறார்கள், அதற்குமுன் ஒளித்துவைக்க வேண்டும் என்றாள். டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். "கைக்குழந்தைக்காரங்க எல்லாரும் இப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்," என்றார். வேறு ஊரிலிருந்து நான் போன் செய்தால் அவள் மாமியார்தான் எடுப்பார். "தூங்குறாம்மா. அப்புறம் பேசு." கண்ணே மூடாதவளைத் தூங்குகிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனநோய், அவள் சுயநினைவில் செய்யவில்லை என்று எங்கள் வக்கீல் வாதாடினார். செய்வது தப்பென்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கோர்ட்டுக்கு அது ஒன்றுதான் கேள்வி. தெரியும் என்று காட்ட அரசுத் தரப்பில் இரண்டு விஷயம் வைத்திருந்தார்கள். ஒன்று, அந்தப் போன். இன்னொன்று, படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் புதிதாக வைத்திருந்த தாழ்ப்பாள். பெரியவளை அறையில் போட்டுப் பூட்டிவிட்டுச் சின்னதை முதலில் எடுத்துப்போயிருக்கிறாள், திட்டமிட்ட கொலை என்றார்கள். "புத்தி பேதலித்தவள் தாழ்ப்பாள் வாங்கி மாட்டுவாளா?" என்று கேட்டாராம் அரசு வக்கீல். சாட்சி என்பதால் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். இதெல்லாம் நான் பேப்பரில் படித்தது.

தாழ்ப்பாளை வைத்தது யார் என்று தங்கையின் கணவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"தெரியாது," என்றார்.

அவர் அம்மாவுக்கும் தெரியவில்லை. தங்கை வாயே திறக்கவில்லை. பிடித்துப்போன நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

தீர்ப்பு வந்த சில வாரத்தில் வீட்டின் சொந்தக்காரர் ஃபிளாட்டைக் காலி செய்யச் சொன்னார். தங்கையின் துணிமணிகளை எடுத்துவர நான் போனேன். மாப்பிள்ளைதான் சாவி கொண்டுவந்தார். ஆனால் மேலே வரவில்லை.

"நீங்களே போய்ட்டு வந்துடுங்க அண்ணி. நான் கார்லயே இருக்கேன்."

சம்பவம் நடந்த நாளிலிருந்து அவர் அந்தப் படி ஏறியதில்லை. மின்சாரத்தையும் தண்ணீரையும் எப்போதோ துண்டித்துவிட்டார்கள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் பால் வாசனை அடித்தது. கெட்டுப்போன பால் இல்லை. அப்போதுதான் காய்ச்சி இறக்கியது மாதிரி, சூடான பால்.

ஜன்னலையெல்லாம் திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாராவது காய்ச்சுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் விரல் வைத்தால் பதிகிற அளவுக்குத் தூசி. சோபாவிலும் டிவியிலும் தூசி. நடுக்கூடத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது, வாலு பல் தேய்க்க ஏறி நிற்பது. அதில் மட்டும் தூசி இல்லை.

அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையிலும் அட்டைப் பெட்டி. பாதி திறந்திருந்த படுக்கையறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பீரோவைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

கர்ர்ர்ர்...

தரையில் எதையோ இழுக்கும் சத்தம். மேல்மாடியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கர்ர்ர்ர்... கர்ர்ர்...

மேல்மாடி இல்லை. ஹாலில்தான். கொஞ்சம் இழுப்பது, நிறுத்துவது, மறுபடி இழுப்பது. கனமான சாமானைச் சின்னக் கை இழுத்தால் அப்படித்தான் கேட்கும்.

திரும்பினேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது. காற்றில் அடிப்பது போல இல்லை. சத்தம் வராமல், கவனமாக...

டக்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"மாப்பிள்ளை! என்ன இது? விளையாட இதுவா நேரம்?"

கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு அசையவில்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

"மேல வந்தீங்களா?"

"இல்லையே அண்ணி. கார்லதான் இருக்கேன்."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கீழே கார் நின்றது. அதற்குள் அவர், காதில் போனோடு.

அப்போது ஹாலில் ஓட்டம் கேட்டது. தடதடவென்று சின்னக் கால்கள். ஒரு சிரிப்பு. கூடவே கைக்குழந்தை ஒன்றின் 'ங்ங்கா'.

என் முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"பயப்படாதக்கா..."

என் தங்கையின் குரல். சிறையில் இருப்பவள்.

"பூட்டிட்டா. இனிமே பசங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

கட்டிலில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் ஓரிடத்தில் அமுங்கியிருந்தது.

ஹாலில் அந்தக் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரமோ தெரியாது. சொன்னால் நம்புவீர்களா? அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்றிருந்தது எனக்கு.

நின்றது.

வாசல் கதவு திறந்தது. செருப்புக் கால். சரக்... சரக்... பெரியவர்கள் நடை.

பளீர் என்று ஓர் அறை.

குழந்தை அழுகை வெடித்தது.

"திறக்காதீங்க அத்தை..."

குரல் இப்போது என் காதுக்குப் பக்கத்தில். மூச்சுக்காற்று பட்டது.

"கும்பிடுறேன்... என்னை நம்பாதீங்க... திறக்காதீங்க..."

டக்.

கதவு திறந்துகொண்டது.

வாலுவின் அழுகை பாதியில் நின்றது. குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம்... தொட்டியில்... நிறைய...

நான் வாசலைப் பார்த்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. குளியலறைக்குத்தான் ஓடினேன். இந்தத் தடவையாவது யாராவது போக வேண்டாமா?

நிலையைத் தாண்டியதும் சத்தம் அறுந்தது.

தொட்டி காய்ந்து கிடந்தது. அடியில் தூசி. குழாயைத் திருகினேன். காற்றுகூட வரவில்லை.

பெட்டிகளை விட்டுவிட்டுக் கீழே வந்தேன். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார். அப்போதுதான் கவனித்தேன். என் கையிலிருந்த போனை நான் இன்னும் கட் பண்ணவில்லை. எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்கிறார்.

"அது... அவ குரல்தானே அண்ணி?"

"தாழ்ப்பாள் யாரு வச்சது?"

அவர் காரை ஸ்டார்ட் செய்யப் போனார்.

"கேக்குறேன்ல? யாருய்யா வச்சது?"

"அவதான் வாங்கிட்டு வந்தா. நான்தான் மாட்டினேன்," என்றார். "தன்னை உள்ள வச்சுப் பூட்டச் சொன்னா. பசங்கள நான் ஏதாவது செஞ்சிடுவேன், என்னை நம்பாதீங்கன்னு அழுதா. கொஞ்ச நாள் பூட்டினேன். எங்க அம்மாதான் சத்தம் போட்டாங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும், பைத்தியத்தைக் கட்டினவன்னு சொல்லுவாங்கன்னு... விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ வாலுவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. ஸ்டூல் போட்டு ஏறி, அம்மாவ உள்ள வச்சுப் பூட்டுற விளையாட்டுன்னு. அன்னிக்கும் வாலு பூட்டிட்டா. எங்க அம்மா கடையிலேருந்து வந்து பாத்துட்டு, அவளை ஒரு அறை விட்டுட்டு... தாழ்ப்பாளைத் திறந்துட்டாங்க. இவ காலைப் புடிச்சிருக்கா, திறக்காதீங்கன்னு. திறந்துட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டாங்க."

"இதக் கோர்ட்ல ஏன் சொல்லல?"

"நாமளும் மாட்டிக்குவோம்னு அம்மா சொன்னாங்க."

எங்கள் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், ஒன்று என் காலடியில். அவர் கால் மரத்துப்போனால் நான் மிதிக்க வேண்டும். மிதிக்காமல் வேடிக்கை பார்த்தால் கேஸ் என்மேல்தான் வரும். அந்த வீட்டில் ஓட்டுகிறவளே கத்தினாள், என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை, நீங்கள் மிதியுங்கள் என்று. படித்தவர், பெரியவர், டாக்டர் எல்லோரும் இருந்தார்கள். மிதித்தது ஒரு மூன்று வயதுக் குழந்தை. அதற்கும் கன்னத்தில் அறை.

"தள்ளி உக்காரு," என்றேன். மரியாதையெல்லாம் போயிருந்தது. காரை நான் எடுத்தேன். நேரே வக்கீல் ஆபீஸ். வழியெல்லாம் அவர் அழுதார். நான் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன், யாரும் குறுக்கே வராமலே.

வாக்குமூலம் கொடுத்தார். மேல்கோர்ட்டில் வழக்கு மறுபடி நடந்தது. அவள் பூட்டிக்கொள்ளப் பார்த்த தாழ்ப்பாளையே அவளுக்கு எதிராகக் காட்டியிருக்கிறார்கள் என்று அங்கே ஒத்துக்கொண்டார்கள். தண்டனையை ரத்து செய்து மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாமியார்மேல் ஒரு கேஸும் கிடையாது. மாப்பிள்ளையை நீதிபதி கண்டித்தார், அவ்வளவுதான். அந்த டாக்டர் இன்னும் அதே கிளினிக்கில் டானிக் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மருந்து வேலை செய்தது. தங்கை தெளிந்துவிட்டாள், பேசுகிறாள். தெளிந்த அன்றுதான் பிள்ளைகள் இல்லை என்பதும், அது யார் கையால் என்பதும் அவளுக்கு உறைத்தது. அவள் தப்பித்துவிட்டாள் என்று சொல்கிறவர்கள் அந்த ஆஸ்பத்திரி அறையில் அவளோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு என்னிடம் வந்து தண்டனையைப் பற்றிப் பேசட்டும்.

போன மாதம் வக்கீல் கூப்பிட்டார். வழக்கு முடிந்ததால் கோர்ட்டிலிருந்து திருப்பிக் கொடுத்த சாமான் ஒன்று இருக்கிறதாம். மேஜைமேல் ஒரு துணிப்பொட்டலம். அரக்கு சீல் உடையாமல் இருந்தது.

"என்ன சார் இது?"

"அந்தத் தாழ்ப்பாள்தாம்மா. முக்கியமான சாட்சியமாச்சே."

"வீட்டைக் காலி பண்ணும்போது எடுத்தாங்களா?"

"இல்லம்மா. சம்பவம் நடந்த மறுநாளே போலீஸ்காரங்க கழட்டிட்டாங்க. விசாரணையில ஒரு தடவை காட்டிட்டு மறுபடி சீல் வச்சாங்க. அதோட கோர்ட் அறையிலதான் கிடந்துச்சு." அவர் வேறு ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க துணி எடுக்கப் போனப்ப பாத்திருப்பீங்களே. கதவுல வெறும் ஓட்டைதானே இருந்துச்சு?"

அன்று என் உள்ளங்கை கைப்பிடியை இழுத்த இழுப்பில் கன்றிப்போய், ஆற ஒரு வாரம் ஆனது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பொட்டலத்தை வாங்காமல் வந்துவிட்டேன். தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. சொன்னால் அவள் பயப்பட மாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"வாலுதானேக்கா பூட்டினா?"