தவுக்கே கேட்ட பேர்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு காவல் கம்பெனியில் துப்பாக்கி ஏந்திக் காவல் நிற்கும் ஜாகாவாக இருந்தேன். எனக்குக் கொடுத்திருந்த ரிவால்வர் என்னைவிட வயதில் மூத்தது. அதன் சுத்தியல் ஒரு நாள் தோட்டாவை அடிக்கத் தெம்பில்லாமல் விழுந்தது. உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது, இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்றார் கம்பெனிக்கு வழக்கமாகத் துப்பாக்கி பார்க்கிற கடைக்காரர்.

மேனேஜர் தமிழர்தான், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை. "வருஷச் சோதனைக்குள்ள சரியாகலைன்னா போலீஸ்ல ஒப்படைச்சிடலாம். நீ கம்பை எடுத்துக்கிட்டு கேட்டுல நில்லு. பால்வெட்டுக் கத்தி புடிச்ச கைக்கு அது போதும்லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பால்வெட்டிய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியே வந்து, சுடப் பழகி, பரீட்சையில் தேறி வாங்கிய இடம் அது. எவன் சொன்னாலும் விடுவதாக இல்லை. "நானே தேடிக்கிட்டு வாரேன் சார்" என்றேன். சிரித்தார்.

துப்பாக்கி கம்பெனிப் பெட்டகத்தில் இருந்தது. மாடல் எழுதிய தாளும் கம்பெனிக் கடிதமுமாக லீவு நாட்களில் மோட்டார்சைக்கிளில் அலைந்தேன். தைப்பிங்கில் கையை விரித்தார்கள். பாரிட் புந்தாரில் துப்பாக்கி விற்க லைசென்ஸ் உள்ள ஒரு பழைய கடை. கடை முதலாளியான சீனத் தவுக்கே தாளைப் பார்த்துவிட்டு, "பேர் ஆப்பா?" என்றார். ஆப்பா என்றால் 'என்ன' என்கிற அளவுக்கு மலாய் தெரியும். மனுஷன் பாதித் தமிழில் பேர் கேட்கிறார் என்று நினைத்து, ஐ.சி. அடையாள அட்டையில் உள்ளபடி அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னேன். உள்ளே போய் வெகுநேரம் புரட்டிவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்.

திரும்பும் வழியில் கமுந்திங்கில் லாரி மெக்கானிக் நண்பனிடம் புலம்பினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், மலாய்ல ஸ்பிரிங்குக்குத்தான் பேர்னு சொல்றது. எந்த ஸ்பிரிங்குன்னு கேட்டிருக்காரு. நீ உங்கப்பாவைத் தேட விட்டுட்டு வந்திருக்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அங்கேயே வண்டியைத் திருப்பினேன். கடை மூடுவதற்குள் போய், சுத்தியலைத் தள்ளுகிற பேர் என்று சைகையோடு சொன்னேன். அதே மாடலில், சுட லாயக்கில்லாமல் ஒதுக்கிய ஒன்று தவுக்கேயிடம் இருந்தது. போலீஸ் அனுமதி வாங்கி, அதன் ஸ்பிரிங்கை எங்கள் ஈப்போ கடைக்காரருக்கு மாட்ட அனுப்பினார்.

சோதனையில் ரிவால்வர் தேறியது. மறுநாள் காலை அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மேனேஜர் வந்தார். ஜாகாக்கள் எல்லாரும் சல்யூட் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. அவர் நின்று என் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே போனார்.