ஐந்து சொல் பூட்டு

கன்னியப்பனின் மடிக்கணினியை மாதம் ஒருமுறை மின்னேற்றம் செய்கிறேன். பேட்டரியைக் காலியாகவே போட்டுவைத்தால் கெட்டுவிடும். இன்று காலை ஏழு பத்துக்கு அதை அலமாரியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்தபோது, விசைகளின் இடுக்கிலிருந்து டோனர் வாசம் வந்தது. சூடாக வெளியே வரும் ஜெராக்ஸ் காகிதத்தின் வாசம். சதுரங்கப்பட்டினம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருந்த அவனுடைய கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், மூன்று கணினிகள். நான் வசிக்கும் அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஏதோ விண்ணப்பத்தை நகலெடுக்கத்தான் முதலில் போனேன். என்ன விண்ணப்பம் என்பது என் நாட்குறிப்பில் இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம். கன்னியப்பன் ஒரு கணினியின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“இந்த வைரஸ் பேஜாரு தாங்கல அண்ணாத்த. வர்றவன் பூரா பென்டிரைவ்ல இட்டாந்து வுட்டுட்டுப் போறான்.”

இப்படி ஒருவர் புலம்ப மாட்டாரா என்றுதான், விண்டோஸை விட்டு இலவச லினக்ஸுக்கு மாறிய லினக்ஸ்காரர்கள் காத்திருப்போம். மறுநாள் லினக்ஸ் குறுந்தகடோடு போய் நின்றேன். மூன்று கணினிகளிலும் ஏற்ற நான்கரை மணி நேரம் ஆயிற்று. அதில் இரண்டு மணி நேரம் பிரிண்டருக்கு. பிரிண்டரைப் பற்றி என் கருத்து இன்றுவரை மாறவில்லை: வாங்கும் முன்பே அது லினக்ஸோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துவிட வேண்டும். ஒத்துப்போகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பக் கூடாது.

அந்த வாரமே ஒருவர், “இன்னாய்யா இது, ஸ்டார்ட் பட்டனையே காணோம்” என்று கத்தினார்.

“பட்டன் இல்லாத சட்டன்னு நெனச்சிக்கோ மச்சான். காத்து வரும்ல” என்றான் கன்னியப்பன்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் அங்கே போவேன். அவன் கேட்பான், நான் சொல்வேன். புதிய மடிக்கணினி வாங்காதே, அலுவலகங்கள் கழித்துப் போட்டதை வாங்கு. அதைத் திருகு கழற்றித் திறக்கலாம். பிராசசருக்குச் செலவழிப்பதை ரேமுக்குச் செலவழி. விசைப்பலகை கனமாகவும் சத்தமாகவும் இருக்கட்டும். கடற்காற்றில் மெலிசானதெல்லாம் ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும். நாட்குறிப்பை வெறும் எழுத்துக் கோப்பாக வை. படங்களைப் போனில் விட்டுவைக்காதே, முகம் தெரியாத நிறுவனத்திடமும் கொடுக்காதே. கேட்காதவர்களிடமும் இதையெல்லாம் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. கேட்டது அவன் ஒருவன்தான். கேட்டதோடு நிற்காமல் செய்யவும் செய்தான்.

பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த ஆல்பங்களையும் கடை ஸ்கேனரில் ஒவ்வொரு படமாக எடுத்து அதில் ஏற்றினான். அவனுக்குச் செய்யூர்ப் பக்கம் வீடு. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பங்கள் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபோது சிரித்துக்கொண்டே போன் செய்தான். “கண்ணாலப் போட்டோ பூரா பிஞ்சிபோச்சு அண்ணாத்த. கம்ப்யூட்டர் பொட்டில பத்திரமா கீது.” அன்று எனக்கு இருந்த பெருமையையும் எழுதிவைத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் கடைப் பூட்டை உடைத்து ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஊராரின் ஆதார் நகல்கள் இருந்தன. கன்னியப்பன் பயந்துபோனான். மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் வட்டு முழுவதையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடலாம் என்றேன். அப்படிப் பூட்டினால் சொல் தெரியாதவர் யாராலும் திறக்க முடியாது. பிரதி எடுத்து வைத்திருந்த இரண்டு வெளிவட்டுகளுக்கும் அதே பூட்டு. அந்த யோசனை சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் தொல்லை.

“வண்டி நம்பர் போட்டுடட்டா?” என்றான். எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டுவந்தான். நான் சிரித்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள் போடச் சொன்னேன். பிள்ளை பெயர், ஊர்ப்பெயர் கூடாது. எங்கும் எழுதிவைக்கக் கூடாது.

“பொண்டாட்டிகிட்ட கூடவா?”

“யார்கிட்டயும்தான்.”

அவன் தட்டச்சு செய்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறர் கடவுச்சொல் இடும்போது பார்ப்பது அநாகரிகம். கனமான விசைப்பலகையில் இடைவெளி விசை மட்டும் தனியாகத் தடதடக்கும். நான்கு முறை கேட்டது. வெளியே செங்கல்பட்டுப் பேருந்து நின்றது. நாங்கள் அன்று தின்றது மசால்வடை. எல்லாம் குறிப்பில் இருக்கிறது. “கடவுச்சொல் இட்டான். நான் பார்க்கவில்லை” என்பதையும் எழுதியிருக்கிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் கன்னியப்பன் மாரடைப்பில் போய்விட்டான். பதினாறாம் நாள் முடிந்து அவன் மனைவி அமுதா மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வண்டி நம்பரு போட்டுப் பாத்தேன்ணா. தெறக்கல.”

“அதை நான்தான் மாத்தச் சொன்னேன்மா.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. தெரியாது, ஐந்து சொற்கள் என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். திறக்கப் பார்க்கிறேன் என்று மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். எப்போதும் அவனே படம் எடுப்பவன். உறவினர்களின் போன்களில் தேடியதில் ஒரு காதும் பாதித் தோளும்தான் கிடைத்தன. கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். கண்கள் வீங்கி, ஏதோ குற்றத்துக்காகப் பிடித்து நிறுத்தியவன் மாதிரி இருந்தான். அதற்குத்தான் மாலை.

அப்புறம் ஞாயிறுதோறும் அமுதா போன் செய்தாள். ஐந்து ஐந்தாகச் சொற்கள் சொல்வாள்.

“வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி, மத்தி. அவருக்குப் புடிச்சதுண்ணா. போட்டுப் பாருங்க.”

சங்கராவை ஆங்கிலத்தில் எஸ் மட்டும் போட்டும், எஸ்ஸுக்குப் பின் எச் சேர்த்தும், வரிசையை மாற்றியும் போட்டுப் பார்ப்பேன். அடுத்த வாரம் பஸ் ரூட் நம்பர்கள். அதற்கடுத்த வாரம் அவன் அவளைத் திட்டும் சொற்கள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எதை எழுதினாலும் கடவுச்சொல் தவறு என்ற அதே ஒரு வரியைத் திரை காட்டிவிட்டு மறுபடி கேட்டது. ஐந்து சொற்களை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அது முடியாது என்பதற்காகத்தானே ஐந்து சொல் போடச் சொன்னேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். என்ன கணினி வாங்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. என் மகளே கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

போன ஞாயிறு அமுதா சொற்கள் எதுவும் சொல்லவில்லை.

“வுட்டுடுங்கண்ணா. இனிமே வாணாம்.”

“ஏம்மா?”

“மொதல்ல அந்தப் படத்தப் பாத்தா யாரோ மாரி இருந்திச்சு. இப்ப தெனம் பாத்துப் பாத்து, அவர நெனச்சாலே அந்த மூஞ்சிதான் வருது. நெசமா எப்படி இருந்தாருன்னு வரவே மாட்டேங்குதுண்ணா.”

இன்று மின்னேற்றம் ஆகிக்கொண்டிருக்கும்போது என் நாட்குறிப்பில் அவன் பெயரைத் தேடினேன். நூற்றுக்கணக்கான இடங்களில் வந்தது. வந்த நேரம், போன நேரம், சொன்னது, தின்றது எல்லாம் இருந்தன. முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி கூட நான் எழுதவில்லை. இப்போதாவது எழுதிவைக்கலாம் என்று புதிய கோப்பைத் திறந்து, கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். எனக்கும் ஆதார் படம்தான் வந்தது.