சாய்ந்தமருது மணலில் ரக்பி ஆடிய வேல்ஸ்காரர்

போன வாரம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கைபேசியை எடுத்தபோது வேல்ஸிலிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. திருப்பி எடுத்தேன். எம்லினின் மகள் பேசினாள். "அப்பா நேற்றுப் போய்விட்டார். உங்களுக்கும் நசீருக்கும் முதலில் சொல்லச் சொல்லியிருந்தார்." நசீருக்கு நானே சொன்னேன்.  "அந்த மனிசன் உன்ன மணலுக்க அமத்தின மாதிரி இண்டைக்கு வரைக்கும் ஒருத்தனும் அமத்தல்ல மச்சான்" என்று சிரித்தான். சிரிக்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவரோடு பழகிய எங்கள் ஊரவர்களுக்கு எம்லின் என்றால் தெரியாது. அமீன் காக்கா, அதாவது அமீன் அண்ணன், என்றால் தெரியும். எங்கள் ஊர் வாயில் அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. எழுபத்தெட்டுப் புயல் கரையோரக் கூரைகளை வாரிக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போட வந்த வெளிநாட்டு நிவாரணக் குழுவில் அவர் தச்சர். நான் அப்போது ஆங்கில ஆசிரியன், அவருக்கு மொழிபெயர்ப்பாளன், ஊர் உதைபந்தாட்ட அணியின் தலைவனும் கூட. அவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. முதல் நாளே கேட்டேன்: "கூரையிலிருந்து விழுந்தீர்களா?" "இல்லை, ரக்பியில் எனக்குக் கிடைத்த பரிசு" என்றார்.

தன் கதையைக் கூரையின் வளைமரத்தில் நின்றபடியே சொல்வார். வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ரக்பியில் இரண்டு வகை. அவருடைய ஊரில் ஆடியது சம்பளமில்லாத வகை. வட இங்கிலாந்தில் ஆடியது பதின்மூன்று பேர் ஆடும் இன்னொரு வகை. அதற்குச் சம்பளம் உண்டு. அதற்குப் போனவன் ஆயுளுக்கும் பழைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. எம்லின் இருபத்தொரு வயதில் போனார். கிழமை நாட்களில் தச்சு வேலை, வார இறுதியில் முன்வரிசையில் நின்று மோதுவது. பதினொரு வருடம் அப்படி ஆடினார். ஒருமுறை அவருடைய அணி லண்டனில் நடந்த கிண்ண இறுதி ஆட்டம் வரை வந்தது. விலா எலும்பு உடைந்ததை யாருக்கும் சொல்லாமல் கடைசி நிமிடம் வரை ஆடினார். அந்தக் கடைசி நிமிடத்தை வளையில் நடித்துக் காட்டியபோது கீழே மேசன்மார் வேலையை விட்டுவிட்டு, "மறுகா? மறுகா?" என்று அடுத்து நடந்ததைக் கேட்டார்கள். மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை கட்டிப்போனது. இரண்டு புள்ளியால் தோற்றார்களாம்.

"தோத்த கதையையா இந்த மனிசன் இவ்வளவு சந்தோசமாச் சொல்ற?" என்று ஒரு மேசன் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். எம்லின் மேலிருந்து கத்தினார்: "தோற்றால் என்ன? நான் அங்கே இருந்தேனே!"

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் நின்றபோது நசீர் சைக்கிளில் வந்தான். எனக்கு சலாம் சொன்னான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நசீர் என் பால்ய நண்பன், எங்கள் அணியின் சிறந்த முன்கள வீரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். நசீர் மருதமுனையில் முடித்தான். அடுத்த மாதமே அந்த ஊர்ச் சட்டையைப் போட்டு எங்களுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான். அன்றிலிருந்து எங்கள் அணியில் ஒருவரும் அவனோடு கதைப்பதில்லை. அணித் தலைவன் என்ற முறையில் அப்படி முடிவெடுத்தவன் நான்.

இதைப் பெருமையாகத்தான் எம்லினுக்குச் சொன்னேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஒரு கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனேன். நல்ல மழை. எங்கள் பழைய கழகத்துக்குள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். என்னோடு பள்ளியில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவன் வாசலில் நின்று, நீ உள்ளே வரக்கூடாது என்றான். என் அப்பா உள்ளேதான் இருந்தார். விஷயம் தெரிந்ததும் வெளியே வந்து என்னோடு மழையில் நின்றார்.  சாகும்வரை அந்தக் கழகத்துக்குள் அவர் திரும்பப் போகவில்லை." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "வாசலில் நின்றவன் கெட்டவன் இல்லை. உன்னைப் போல நல்ல பையன்தான்."



அந்த வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்கு வரச் சொல்லி இரண்டு ஊர் அணிகளுக்கும் அவரே ஆள் அனுப்பினார். கொண்டுவந்தது முட்டை வடிவப் பந்து. ஊர் பார்க்காமல் ஆட்களைக் கலந்து பிரித்தார். நசீரையும் என்னையும் ஒரே பக்கம் போட்டுவிட்டு, தான் எதிர்ப்பக்கம் போய் நின்றார். பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி மணலில் வைத்தால் புள்ளி; கூட்டாளிக்குப் பின்னால்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனை ஆறு தடவை மடக்கி விழுத்தினால் பந்து மற்றவர்களுக்கு. ஆட்டக்காரரும் அவரே, நடுவரும் அவரே. முதல் அரைமணி நேரம் எல்லோரும் பந்தை முன்னால் எறிந்தோம், அவர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். பிறகு பிடிபட்டுவிட்டது! கரைவலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மணலில் விழுந்து எழும்பி, சட்டை கிழிந்து, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் உதைபந்தாட்டத்தில் கண்டதில்லை.

புள்ளிகள் சமம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐந்து தடவை மடக்கிவிட்டார்கள். பந்து என் கையில். எல்லைக்கோடாக நிறுத்தியிருந்த தோணிகள் முப்பது அடியில். இடையில் எம்லின் மட்டும். அவர் ஓடி வரும்போது மணல் அதிர்வது என் உள்ளங்காலில் தெரிந்தது. பின்னாலிருந்து குரல் கேட்டது: "மச்சான்! இஞ்ச தா! இஞ்ச!"

ஏழு மாதமாக அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. எம்லின் என் மேல் விழுந்த அதே கணத்தில் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டேன். முகம் மணலுக்குள். "ஓடுடா! ஓடு!" என்ற கூச்சல் மட்டும் கேட்டது. தலையைத் தூக்கியபோது நசீர் தோணிகளுக்கு அப்பால் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அவன் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டான். வாய் நிறைய மணலோடு, "வஅலைக்கும் ஸலாம்" என்றேன்.

"இப்பதானா உனக்குக் காது கேட்ட?" என்றான்.

தோற்ற எம்லின் மணலில் மல்லாந்து கிடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பினார். கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. பல வருடங்களுக்குப் பிறகு, பழைய ஆட்டத்திலும் சம்பளம் வந்தபோது, அவருடைய கழகம் அவரை அழைத்தது. தொலைபேசியில் கேட்டேன்: "போனீர்களா?" "போனேன். வாசலில் அவனேதான் நின்றான்.  இருவரும் தோளால் மோதிக்கொண்டோம். நல்ல மோதல்!" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு வழக்கம். எங்கள் அணியில் ஒருவன் வெளியூரில் கல்யாணம் முடித்தால், அந்த ஊருக்காக அவன் ஆடும் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போவோம். அவனுடைய அணிக்காரர் பக்கத்தில்தான் உட்காருவோம். போன வருடம் என் தங்கையின் மகன் அட்டாளைச்சேனையில் முடித்தான். முதல் ஆட்டமே எங்களுக்கு எதிராக. இருபதாவது நிமிடம் கோல் அடித்தான். நான் வாங்கின் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்திக் கைதட்டினேன்.