சீதேவிப்பிள்ளை கொடுத்த இளநீர்

சீதேவிப்பிள்ளை யாரையும் நம்பமாட்டாள். சுனாமியன்று, "உன்ட மகன் பள்ளிக்கூடத்தில பத்திரமா இருக்கான்" என்று யாரோ சொன்னதை நம்பி அங்கே ஓடினாள். அவன் அங்கே இல்லை; பிறகு எங்கேயும் இல்லை. அன்றுமுதல் நிவாரண அரிசி வந்தாலும் ஒரு பிடியைக் கோழிக்குப் போட்டு, அது சாகவில்லை என்று கண்ட பிறகே உலை வைப்பாள். முகாமில் அவளுக்குச் 'சந்தேகப்பிள்ளை' என்று பட்டமே விழுந்துவிட்டது.

மிஞ்சியிருந்தவள் மகள் கம்சாயினி. முகாமில் துருத் தகரம் காலில் வெட்டி, காயம் சீழ்பிடித்து, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஆசுபத்திரியில் மருந்தேற்றியதும் காய்ச்சல் இறங்கியது. ஆனால் சிறுநீர் போவது நின்றுவிட்டது; சலம் ஒரு சொட்டும் இல்லை. பிள்ளையின் முகம் ஊதிக் கண் இடுங்கிப் போனது.

"கிருமியால சிறுநீரகம் வேலை செய்யுதில்ல, அம்மா. நாங்க தாறதத் தவிர ஒரு சொட்டும் குடுக்கக்கூடாது," என்றார் டொக்டர்.

சிறுநீர் போகாத பிள்ளைக்குத் தண்ணீரையும் மறிப்பதா? இது என்ன வைத்தியம்? சேலைன் போத்தலில் என்னத்தை ஏற்றுகிறார்கள்? இதெல்லாம் போதாதென்று பக்கத்துக் கட்டிலடியில் ஏறாவூர் றஸீனா. அதில் கிடந்த தன் மகனைப் பார்க்க வந்தவள் எந்நேரமும் இந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டாலே சீதேவிப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணி, அம்மா," என்று கம்சாயினி அனுங்கினாள். எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? சிறுநீர் கட்டினால் இளநீர் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். சீதேவிப்பிள்ளை வாசலில் செவ்விளநீர் வாங்கிப் போத்தலில் ஊற்றி, சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். காலையில் கொஞ்சம் பருக்கினாள். மத்தியானம் மறுபடி பருக்கப் போகையில் ஒரு கை குறுக்கே வந்து போத்தலைப் பறித்தது.

"டொக்டர் வேணாமெண்டவரெல்லவா புள்ள?" என்ற றஸீனா, போத்தலோடு நேரே தாதியிடம் போனாள்.

"பாத்துப் பாத்து இருந்து காட்டிக்குடுத்திட்டாய் என்ன," என்று சீதேவிப்பிள்ளை பல்லைக் கடித்தாள்.

டொக்டர் ஓடிவந்தார். பிள்ளையின் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்து, அவசரமாக ஊசி ஏற்றினார். "இளனியில ஒரு வகை உப்பு இருக்கு. சலத்தோட அது வெளியேறாட்டி இரத்தத்தில கூடி, இதயத்த நிப்பாட்டிப் போடும். இன்னும் குடுத்திருந்தா..." என்றவர் மறுபடி பிள்ளையின் நாடியைப் பிடித்தார்.

ஊரையெல்லாம் சந்தேகித்தவளுக்குத் தன் கையைச் சந்தேகிக்க அதுவரை தோன்றியதில்லை. அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் கட்டிலடியில் இருந்தாள். பிள்ளையைத் தொடவும் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் பிள்ளையின் துணி நனைந்திருந்தது. தன்னைத் தேற்றுவதற்காகத் தாதி தண்ணீர் தெளித்திருப்பாளோ? துணியை எடுத்து மணந்து பார்த்தாள். அதைக் கொண்டுபோய் றஸீனாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீயும் ஒருக்கா மணந்து பாருகா."

றஸீனா முகம் சுளிக்காமல் மணந்தாள்.

"ஓம் புள்ள. சலந்தான்."

அதற்குப் பிறகுதான் சீதேவிப்பிள்ளைக்கு அழுகை வந்தது.