மூன்றாம் கதவு, உள்பக்கம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. பேய் என்றாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவர். இப்போது சிரிப்பதில்லை.

அண்ணிக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை. எந்தக் கதவு அதிகம் புழங்குகிறது என்று மேனேஜர் கேட்டார். கதவின் பட்டனை அழுத்தும்போதெல்லாம் லாக் ஃபைலில் ஒரு வரி ஏறும்: தேதி, நேரம், கதவு எண், எந்தப் பக்கம். பல வருட வரிகள். திறந்தாலே கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதனால் அண்ணி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஒவ்வொரு வரியாகப் படித்து, கடைசித் தகவலை மட்டும் உருவி, நேரத்தோடு காட்டும். 'உள்' அல்லது 'வெளி'.

முதல் இரண்டு கதவுகளுக்கும் இரண்டும் கலந்து வந்தன. மூன்றாம் கதவுக்கு எல்லாமே வெளி. நடுவில் மட்டும்...

உள். உள். உள். உள்.

எல்லாம் மதியம். எல்லோரும் சாப்பிடப் போய், அறை பூட்டியிருக்கும் நேரம்.

எங்கேயோ ஒரு காற்புள்ளி இடறியிருக்கும் என்று நினைத்தார். மூல வரிகளைத் தேடிப் பார்த்தார். ஸ்கிரிப்டில் ஒரு பிழையும் இல்லை. மெக்கானிக்கிடம் போய்க் கேட்டார்.

"மூணாம் கதவுல உள்பக்க பட்டனா?" அவர் சிரித்தார். "அது பழைய கதவு மேடம். வேற கம்பெனிலேர்ந்து வாங்கினது. வரும்போதே பட்டன் இல்ல. வயர வெட்டி விட்டிருக்காங்க. வாங்க, காட்டறேன்."

மறுநாள் மதியம் இருவரும் போனார்கள். அண்ணி லேப்டாப்போடு வெளியே நின்றார். திரையில் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் டார்ச்சோடு உள்ளே நுழைந்தார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தட்...

1.47. உள்.

அண்ணி மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

உள். உள். உள்...

லேப்டாப்பைக் கீழே போட்டார். வெளிப் பட்டனை அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி. மறுபடி...

கதவு திறந்தது.

மெக்கானிக் தடுமாறி வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க எதையாவது அழுத்தினீங்களா?"

"எத மேடம் அழுத்த? அங்க வெறும் ஓட்டைதான்..." மூச்சு வாங்கினார். "ஆனா சத்தம் கேட்டுச்சு. டக் டக்னு. என் பக்கத்துல நின்னு... யாரோ அழுத்திட்டே இருந்தாங்க."

அன்றே அவர் வேலையை விட்டுவிட்டார்.

கதவை விற்ற கம்பெனிக்கு அண்ணி போன் செய்தார். முதலில் மழுப்பினார்கள். பிறகு ஒருவர் தணிந்த குரலில் சொன்னார். சுமை தூக்குகிறவர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். உள்ளிருந்து அழுத்தியும் பூட்டு திறக்கவில்லை. ஒரு விடுமுறை நாள். மறுநாள் காலையில்தான் ஆட்கள் வந்து, கதவைத் திறந்து உடலை எடுத்தார்கள். தேதியையும் சொன்னார்.

கதவை இயக்க அதோடு வந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழைய வரிகளும் அழியாமல் இருந்தன. அண்ணி அந்தத் தேதிக்கு ஸ்கிரிப்டை ஓட்டினார்.

மதியம் 1.47க்குத் தொடங்கியிருந்தது. முதலில் நொடிக்கு ஒன்று. உள். உள். உள். பிறகு நிமிடத்துக்கு ஒன்று. ஐந்து மணிக்கு மேல் மூன்றே மூன்று.

ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு வரி.

வெளி.