ஹாரன் அடித்துக் கும்பிட்ட சிலை

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். தாப்பாவிலிருந்து சுங்காய் போகும் பக்கம் ஒரு தாமான், சின்னக் குடியிருப்பு. பழைய ரப்பர் தோட்டத்தை மூடியபோது அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகள். ஃபேக்டரி வேன் ஓட்டுகிற எனக்கு அந்த வழி புதிதாகக் கிடைத்திருந்தது. தினமும் விடியக்காலை ஆள் ஏற்றப் போவேன்.

தாமான் கடைசியில், பெரிய கால்வாயை ஒட்டிய காலி நிலத்தில் ஒரு சிமெண்டுத் தோட்டம். உடைந்த டைல், ரப்பர் பால் பிடிக்கிற மங்கு, மோட்டார் ஹெல்மெட் எல்லாம் பதித்து ஆளுயர உருவங்கள் பத்துப் பன்னிரண்டு. ஒன்று குந்தி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறது, ஒன்று சைக்கிளைத் தள்ளுகிறது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவும் இல்லை. என் கண் போனது முன்னால் நின்ற உருவத்தின் மேல்தான். முகத்தில் கண் மட்டும் தெரிகிறது, அதுவும் முறைக்கிறது. கையில் நீளமாக ஒரு கம்பி, முதுகில் ஏதோ பெட்டி. காவல் தெய்வம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வேன், லாரி ஓட்டுகிறவர்களைத் தெரியுமே. சாலையோரம் முனியாண்டி இருந்தால் இரண்டு ஹாரன் அடிக்காமல் தாண்ட மாட்டோம். நானும் அடித்தேன். அந்த வாரமே டயர் வெடித்து, வேன் கவிழாமல் நின்றது. விடுவேனா? மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் அறுத்து வைத்தேன். என்னைப் பார்த்து மற்ற டிரைவர்களும் ஆரம்பித்தார்கள். ஒருத்தர் சூடத்தட்டு வாங்கி வந்தார், ஒருத்தர் தகரக் கூரை போட்டார். இரண்டே மாதத்தில் கோயில் ரெடி.

அப்புறம் மாவட்ட மன்றத்து அதிகாரிகள் வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதியில்லாத வழிபாட்டிடம், இரண்டு வாரத்தில் சிமெண்டுத் தோட்டம் மொத்தத்தையும் இடிப்போம் என்று.

மறுநாள்தான் அந்த வீட்டுக்கார அக்கா வந்து இறங்கினார். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஜொகூர் போயிருந்தாராம். அறுபது தாண்டிய ஒல்லி உடம்பு, ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். ஒன்பது வருடமாக ஒண்டியாளாக அத்தனையும் செய்தவர் இவர்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர்களைத்தான் ஒவ்வொருவராகச் செய்து நிறுத்தியிருக்கிறார்.

டிரைவர்கள் நாங்கள் நாலு பேர் போய் நின்றோம். எங்களிடம் ஒரு யோசனை இருந்தது. எங்கள் தொகுதி ஒய்.பி.யை, சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, கோயில் என்றே எழுதிக்கொடுத்துவிட்டால், ஊர்ப் பிரச்சினையாகிவிடும் என்று கை வைக்கத் தயங்குவார்கள். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, மத்தத நாங்க பாத்துக்குறோம்லா" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது சாமி இல்ல தம்பி. அது நான். முப்பது வருசம் தோட்டத்துல களைக்கு மருந்தடிக்கிற பம்பத் தூக்கிக்கிட்டு உங்கள மாதிரி ஆளுங்க கண்ணு முன்னாலதான் நடந்தேன். அப்ப ஒருத்தனும் ஹாரன் அடிக்கல. சாமின்னு பொய் சொல்லித்தான் அது நிக்கணும்னா, ஒடச்சிட்டுப் போவட்டும்."

அவர் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. "நீதான கட்டுன, நீயே அவுத்துடு" என்றார். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். ஆனாலும் அந்தத் துணியை அவிழ்த்தேன். அவர் குழாயைப் பிடித்துக் குங்குமத்தைக் கழுவிவிட்டார்.

அதிகாரிகள் லாரியும் ஆளுமாக வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்கா வீட்டுக்குள் போனார். பழைய பம்பை முதுகில் மாட்டி, கண் மட்டும் தெரிய முகத்தில் துணி சுற்றி, கையில் மருந்தடிக்கிற கம்பியோடு வந்து அந்த உருவத்துக்குப் பக்கத்தில் நின்றார். அதே இறங்கிய தோள், அதே முறைப்பு. "இனி புக்கான் துஹான். இனி சாயா" என்றார் மலாயில். இது கடவுள் இல்லை, இது நான் என்று.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். படம் எடுத்துக்கொண்டார். கூரையையும் சூடத்தட்டையும் மட்டும் லாரியில் ஏற்றச் சொன்னார். நிலம் தேவைப்பட்டால் காலி செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். அக்கா அதை வாங்கி மடித்துக்கொண்டு, "இடிச்சா மறுபடியும் செய்வேன், சிமெண்டு கடைய மூடிட்டாங்களா என்ன?" என்று எங்களிடம் தமிழில் சொன்னார்.

என் அம்மாவும் தோட்டத்தில் மருந்தடித்தவர். தினமும் காலையில் அதே மாதிரி முகத்தைக் கட்டிக்கொண்டு, அதே பம்போடு, என் முன்னால்தான் கிளம்புவார். அந்தப் பெட்டி என்ன, அந்தக் கம்பி என்ன என்று மற்றவனுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயே நின்று அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

யாரென்று பார்க்கச் சோம்பல்பட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற வசதியை அந்த அக்கா அன்றைக்கு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். யார் கொடுத்தாலும் அது எனக்குத் திரும்ப வேண்டாம்.