புளியரை இறக்கத்துக்கு ஒரு சக்கரம்

பட்டப்பகலில் கட்டிலில் சாய்ந்து டிவியே கதி என்று கிடக்கும் ஆம்பளையைக் கண்டால் எனக்கு ஆகாது. என் வீட்டு ஆம்பளையே அப்படிக் கிடந்தால் என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆனதிலிருந்து மச்சான் வளைகுடாவில்தான் இருந்தார். (என் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.) லீவுக்கு வருவார், பெட்டியைப் பிரிப்பார், பிரியாணி சாப்பிடுவார், போய்விடுவார். எனக்குப் புருஷன் என்பவர் வருஷத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. இங்கே தென்காசி வீட்டில் மோட்டார் ஓடாவிட்டாலும் நான்தான் கழற்ற வேண்டும், மிக்சி புகைந்தாலும் நான்தான் பார்க்க வேண்டும். ஸ்பேனர் பிடிக்க அப்படிப் பழகியதுதான்.

ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவர் ஒரு ரோடு சைக்கிளையும் கொண்டுவந்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, இரண்டு விரல் தடிமனில் டயர். வெள்ளிக்கிழமை காலைகளில் ரூம் கூட்டாளிகளோடு ஓட்டிப் பழகினாராம். அவருடைய உம்மா, அதாவது என் மாமி, அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்தன வருசம் பாலைவனத்துல கெடந்து கடைசியில ஒரு சைக்கிளாலே வாங்கிட்டு வந்த?" என்று கேட்டார்.

ஆனால் அந்தச் சைக்கிள்தான் எனக்கு என் புருஷனைக் காட்டியது. விடிந்ததும் செங்கோட்டை தாண்டி, புளியரை மலைப்பாதையில் ஏறி, ஆரியங்காவில் ஒரு சாயா குடித்துவிட்டு இறங்கி வருவார். வந்து வாசலில் நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலைப் பேச்சு, கடன் கவலை எதுவும் இல்லாத முகம். வழியில் மயிலைப் பார்த்தேன், பாதி மலையில் மேகத்துக்குள் போனேன் என்று வாய் ஓயாமல் சொல்லுவார். அடடா, இந்த ஆளையா இத்தனை வருஷம் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

பங்குனியில் விழுந்தார். புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது முன்சக்கரம் பஞ்சராகி, டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்து, ஆள் தூக்கி எறியப்பட்டார். பின்னால் வந்த மணல் லாரிக்காரர் சட்டென்று பிரேக்கை மிதித்ததால் இவர் பிழைத்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது. மனசு கூடவில்லை.

"பயமா இருக்குட்டி," என்றார் ஒருநாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த டயரு கழண்டு வந்துச்சு பாரு, அது கண்ணுக்குள்ளயே நிக்குது. எனக்கு இனி சைக்கிள் வேண்டாம்."

மாமிக்கு அது காதில் தேன் வந்து பாய்ந்த மாதிரி. "அல்லா காப்பாத்துனான். அந்த மூதேவிய எடைக்குப் போட்டுரு," என்று என்னிடம் சொன்னார்.

நான் போடவில்லை. எனக்கு அந்த முகம் திரும்ப வேண்டும். எவ்வளவு நாளானாலும் சரி, யார் என்ன சொன்னாலும் சரி, இந்த மனுஷனைத் திரும்ப அந்த மலையில் ஏற்றி, முழுசாக இறக்கிக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மாமி தூங்கும் மத்தியானங்களில் போனும் கையுமாக உட்கார்ந்தேன். டயர் ஏன் கழன்றது? அந்த மாதிரி டயர் உள்ளே இருக்கும் காற்றின் பலத்தில்தான் ரிம்மைக் கவ்விக்கொண்டிருக்கிறது. காற்று போனால் கவ்வலும் போச்சு. ஆனால் டியூபுலர் என்று இன்னொரு வகை இருக்கிறது. ட்யூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றித் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். காற்று போனாலும் ஒட்டியது ஒட்டியதுதான். இதைப் படித்தபோது நான் தனியாகவே "ஆ!" என்று கத்திவிட்டேன்.

அடுத்தது ரிம். கார்பனில் வாங்கினால் இறகு போல இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். இறகு பறந்து போகட்டும், எனக்கென்ன? எங்கள் ஊர் சாரலில் நனைந்தால் கார்பன் ரிம்மில் பிரேக் சட்டென்று பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும். அதோடு உயரமான ரிம் என்றால் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும். தென்காசிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா, ஊரைச் சுற்றி நிற்கும் மின்சாரக் காற்றாடிகளைப் பார்த்தாலே தெரியும். எனவே அலாய் ரிம், குட்டையான ரிம். மச்சான் கொஞ்சம் பாரமான ஆள்; மாமியின் நெய்ச்சோறு அப்படி. எனவே கம்பியில் கஞ்சத்தனம் கிடையாது, சக்கரத்துக்கு முப்பத்திரண்டு. பழைய சக்கரங்களின் நடுவில் கம்பிகள் வந்து சேரும் ஹப்பிலும் அதே முப்பத்திரண்டு ஓட்டைதான் இருந்தது; அதையே வைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்டதையெல்லாம் அவருடைய பழைய ரூம் கூட்டாளி ஒருவர், லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கம்பளிக்கும் பால்பவுடருக்கும் நடுவே இரண்டு ரிம், டயர்கள், பசை, கம்பிகள். மச்சான் பார்த்தார். "எதுக்குட்டி இதெல்லாம்?" என்றார். தொடவில்லை.

தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் நிப்பிள் சாவி இரவல் கேட்டுப் போனேன். கம்பியை முறுக்குகிற சின்னச் சாவி அது. "ஏம்மா, பொம்பளப்புள்ள சக்கரத்துல கோட்டம் எடுக்கப் போறியாக்கும்?" என்றார். "ரிம்மு கோணினா எடுக்கது லேசு. எடுத்தவ மனசு கோணாம இருக்கணும், அதான் கஷ்டம்." சிரித்துக்கொண்டே சாவியைத் தந்தார்.

அவர் சொன்னது சரிதான். முதல்தடவை கம்பி கோத்து முடித்தபோது, காற்றடிக்கும் வால்வு ஓட்டைக்கு நேர் மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே போயின. பம்பை எங்கே சொருக? எல்லாவற்றையும் அவிழ்த்தேன். இரண்டாவது முறை சரியாக வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி, அதன் நுனி ரிம்மை உரசுகிற இடத்தையெல்லாம் கால் திருகு, அரைத் திருகாகச் சரி செய்தேன். வலதில் இறுக்கினால் இடதில் இளக்க வேண்டும். அவசரப்பட்டால் வட்டம் முட்டையாகிவிடும். சமையல்கட்டில் குக்கர் ஒரு பக்கம் கூவ, நான் கம்பியைச் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி வாசலில் நின்று, "இதுக்குத்தான் ஒங்க வாப்பா ஒன்ன டிகிரி படிக்க வச்சாரா?" என்பார். "இதுக்கும் சேத்துத்தான் மாமி," என்பேன்.

பசை வேலைதான் உயிரை வாங்கியது. ரிம்மில் ஒரு பூச்சு, காய வைத்து இன்னொரு பூச்சு, டயரின் அடித்துணியிலும் அப்படியே. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தென்காசியில் துணியே காயாது, பசை எங்கே காயும்? எங்கள் படுக்கையறையை மூடி, ஃபேனைப் போட்டு, சக்கரங்களை அங்கே தொங்கவிட்டேன். மச்சான் அந்த வாசனையில் படுத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டயரை ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் மட்டும் ஏற மாட்டேன் என்றது. நான் பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து கூடத் தள்ளியது. அவர்தான். டயர் பொத்தென்று உட்கார்ந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்தருவி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மறுவாரம், "வியாழக்கிழம புளியரைக்குப் போய்ப் பாக்கேன்," என்று அவராகவே சொன்னார்.

வியாழக்கிழமை காலை. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் கடைசியாக ஒருமுறை முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நிற்கவில்லை. இறுக்கிப் பிடித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. ரிம்மைத் தொட்டால் விரலெல்லாம் வழவழவென்று எண்ணெய். மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"யாரு? இதுல யாரு எண்ணெய் தடவுனது?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. மாமி உள்ளேயிருந்து வந்தார். கையில் சின்னப் பாட்டில்.

"நாந்தான்ட்டி. தர்காவுல ஓதி வாங்குன எண்ணெ. அவன் தோளுக்கு இதத்தான தேச்சேன், எலும்பு கூடுச்சுல்ல? அதான் சக்கரத்துக்கும்... எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு..."

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். எழுத முடியாது. மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் என்னைக் கொன்றது. "விடுட்டி. வேண்டாம்னு இருக்குபோல," என்றார்.

"வேண்டாமா? யாருக்கு வேண்டாம்? நாளைக்கழிச்சு நீங்க போறீங்க. இல்லாட்டி நான் ஓட்டிட்டுப் போறேன்."

ஒரு பழைய துணியையும் பெட்ரோல் டப்பாவையும் கொண்டுவந்து மாமி முன்னால் வைத்தேன். "நீங்க தேச்சது. நீங்களே துடைங்க."

மாமி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெய் டயரின் ஓரத்துக்குள்ளும் கசிந்திருந்தது. டயர் இரண்டையும் உரித்தேன், பிரேக் ரப்பர்களைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினேன். மாமி துடைத்துக்கொண்டே இருந்தார். புது பிரேக் ரப்பரைக் காட்டி, "இந்தக் கட்ட ரிம்மப் பிடிச்சாத்தான் நிக்குமா?" என்றார்.

"ஆமா மாமி."

"எண்ணெயோட போயிருந்தா?"

"முதல் வளைவுலயே கீழ போயிருப்பாரு."

"யா ரப்பே," என்றார் மாமி. துணியைப் பெட்ரோலில் நனைத்து ரிம்மை இன்னும் அழுத்தித் துடைத்தார். எனக்கு அப்போதுதான் கோபம் இறங்கியது. நான் எதற்காகச் சக்கரம் கட்டினேனோ அதற்காகத்தான் அவரும் எண்ணெய் தடவியிருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்த எண்ணெய அவரு தலையில தேச்சு விடுங்க மாமி. அதுக்கு மேல ஒண்ணும் தடவாதீங்க," என்றேன். மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார். அன்றைக்கும் மறுநாளும் ஒவ்வொரு பூச்சுக்கும் பசைக் கிண்ணத்தை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே மெலிசாக இருக்கிறது, எங்கே திரண்டிருக்கிறது என்று என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தார்.

சனிக்கிழமை மச்சான் கிளம்பினார். தலையில் எண்ணெய் வழிந்தது. மாமி வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நானும் வாறேன். வீட்ல இருந்தா எனக்கு நெஞ்சு அடச்சிரும்."

எஸ் வளைவு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றோம். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மேலே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு இறங்கின. டீ ஆறிப்போனது. மாமியின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. எனக்கு ஓதக்கூட வரவில்லை. நான் கட்டிய ஒவ்வொரு கம்பியாக மனசுக்குள் தொட்டுக்கொண்டிருந்தேன். நான்தானே ஏற்றிவிட்டேன். ஏதாவது ஆனால் இந்த மாமியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மேகத்துக்குள்ளிருந்து மச்சான் வந்தார். மெதுவாக, மிகமெதுவாக. முன்சக்கரம் தரையோடு அப்பிக் கிடந்தது.

"காத்து போயிட்டுட்டி," என்றார் வந்து நின்று. "வேகமா எறங்கும்போதே போயிட்டு. மேல, அதே எஸ் பெண்டுல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தடதடன்னு ஆடுச்சு. பிரேக்க மெல்லப் பிடிச்சேன், நின்னுட்டு. டயரு எடத்த விட்டு அசையலையே! அப்படியே உருட்டிட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். மழைத்தண்ணீரும் எண்ணெயுமாக வழிந்த அந்த முகம், ஆரியங்காவிலிருந்து வந்த அதே முகம். "மேல பெரிய மேகம்டி. ஒண்ணுமே தெரியல. சாயாக்கடைக்காரன் என்ன மறக்கல, தெரியுமா?"

நான் கீழே உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் டயரை நெம்பிப் பார்த்தேன். காற்றே இல்லாத டயர் இம்மியும் நகரவில்லை. அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். டீக்கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மாமி அழவில்லை. மகனின் தோளைத் தடவிப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், அப்புறம் சக்கரத்தைப் பார்த்தார். "இனியும் போவியாலே?" என்று கேட்டார்.

"போவேம்மா."

மாமி என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாட்டி? எந்திரி. வீட்டுக்குப் போய்ப் புது டயர எடு. இந்தத் தடவ பசைய நான் பூசுதேன், ஒனக்குக் கை நடுங்குது."